14 நாளில் எலும்பு தேயாது

மூட்டுவாதத்துக்கு வலி மாத்திரை சாப்பிடத் தொடங்கிய அமெரிக்க முதியவர்களை இரண்டு கூறாகப் பிரித்து, யாருக்கு எத்தனை எலும்பு முறிந்தது என்று ஓர் ஆய்வுக் குழு கணக்கெடுத்தது. 2011இல் அது வெளியானது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 80ஐ ஒட்டி, பெரும்பாலோர் பெண்கள். ஒரு கூறு, ஐபுபுரூஃபன் போன்ற அழற்சியை அடக்கும் மாத்திரை எடுத்தவர்கள். இன்னொரு கூறு, ஓபியாய்டு எடுத்தவர்கள். அதாவது கோடீன், ஆக்சிகோடோன், டிரமடால் என்று அபின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள். முதல் கூறில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 25 முறிவுகள். இரண்டாவதில் 120.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதைவிடச் சுவையான செய்தி அந்த ஆய்வின் உள்ளே இருந்தது. ஓபியாய்டிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று சட்டென்று ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மற்றது மெல்லக் கசிந்து நாள் முழுக்க நிற்கும். சட்டென்று ஏறும் வகையில்தான் முறிவு கூடுதல், அதுவும் மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில். அதன்பின் இரண்டு வகைக்கும் நடுவே அந்த வித்தியாசம் காணவில்லை.

எலும்பின் கணக்கில் இரண்டு வாரம் ஒரு காலமே கிடையாது. பழைய எலும்பைக் கரைத்துப் புதிய எலும்பைப் பூசும் ஒரு சுற்று முடியவே மாதக்கணக்கில் ஆகும். அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனை ஒருமுறை எடுத்தால், மறுமுறை எடுக்க ஓராண்டு இரண்டாண்டு போகட்டும் என்று டாக்டர்கள் சொல்வதும் அதனால்தான். 14 நாளில் எந்த வலி மாத்திரையாலும் தொடையெலும்பை இற்றுப்போகச் செய்ய முடியாது. ஆனால் 14 நாளில் ஓர் ஆளைக் கீழே தள்ளிவிட முடியும்.

நம் ஊரில் இந்தக் குடும்பத்தில் அதிகம் புழங்குவது டிரமடால். 37.5 மில்லிகிராம் டிரமடாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை முழங்கால் தேய்மானம், இடுப்பு வலி, தோள்பட்டை இறுக்கம் என்று பலவற்றுக்கும் எழுதுகிறார்கள். அது அபின் குடும்பத்து மருந்து என்று சாப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்காது. ‘கொஞ்சம் பவர் ஜாஸ்தியான வலி மாத்திரை’, அவ்வளவுதான். ஜெர்மனியின் க்ரூனென்தால் நிறுவனம் டிரமடாலை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கி 1977இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மார்ஃபின் அளவுக்கு வீரியம் இல்லாதது, சுலபத்தில் பழக்கமாகாதது என்ற நற்பெயரோடு பல ஆண்டு ஓடியது. அமெரிக்கா அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது 2014இல். இந்தியா போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது 2018 ஏப்ரலில். சட்டத்தின் கவலையெல்லாம் போதையும் கடத்தலும். ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டி பாத்ரூமுக்கு எழுந்து போவது அதன் பார்வையில் வராது.

எழுதிக்கொடுக்கும் டாக்டரைக் குறை சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகள் முதியவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரைப்பையில் ரத்தம் கசியவைக்கும், பிரஷரை ஏற்றும், பலவீனமான இதயத்தை இன்னும் சிரமப்படுத்தும். பாராசிட்டமால் மட்டும் கொடுத்தால் ‘ஒண்ணும் கேக்கல டாக்டர்’ என்று நான்காம் நாள் திரும்பி வருவார்கள். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருக்கும் 78 வயதுக்காரருக்கு எழுதும்போது டாக்டரின் கை தானாக டிரமடாலுக்குப் போகிறது. சிறுநீரகத்தைக் காப்பாற்றும் அந்த நல்ல எண்ணத்தில், அவருக்கு ஏற்கெனவே தலை சுற்றுகிறதா என்ற கேள்வி விட்டுப்போகிறது.

அது ஏன் முக்கியமான கேள்வி என்று பார்க்க, மனிதர் எப்படி நிற்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்பது உடம்பு ஓயாமல் செய்துகொண்டிருக்கும் வேலை. அதற்கான செய்தி மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து வருகிறது. கண், உள்காது, பிறகு பாதமும் கணுக்காலும். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்கின்றன. பக்கத்தில் இரண்டு சின்னப் பைகள். அவற்றின் உள்ளே கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்த ஒரு படலம். தலை சாய்ந்தால் துகள்களின் கனம் படலத்தை இழுக்கும், அடியில் உள்ள உணர்முடிகள் வளையும், சாய்வு மூளைக்குத் தெரியும். வயது ஏற ஏற மூன்று வழிகளிலும் செய்தி மங்குகிறது. கண்ணில் புரை விழுகிறது. உணர்முடிகள் உதிர்கின்றன. பல வருடம் சுகர் இருந்தவருக்குப் பாதம் மரத்துப்போய், ஒரு கால் செருப்பு வழியில் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்வார்.

ஒரு வழி மங்கினால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். தலைசுற்றல் என்று சொல்லும் முதியவரிடம் இந்த ஈடுகட்டலில் மிச்சம் அதிகமில்லை. அமெரிக்க தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில் 40 வயது கடந்தவர்களை நுரைமெத்தை மேல் ஏற்றி, கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். நுரைமெத்தை பாதத்தின் செய்தியைக் குழப்பும், மூடிய கண்ணில் செய்தி இல்லை. உள்காது மட்டுமே துணை. 2009இல் வெளியான முடிவின்படி நூற்றுக்குச் சுமார் 35 பேர் நிற்க முடியாமல் தோற்றார்கள். தோற்றதோடு தலைசுற்றலும் இருப்பதாகச் சொன்னவர்கள் கீழே விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்கு. மருந்து எதையும் கணக்கில் எடுப்பதற்கு முன்பே இந்த நிலை.

இங்கேதான் ஓபியாய்டு நுழைகிறது. வலியை அடக்க அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் தண்டுவடத்திலும் மூளையிலும் மட்டுமல்ல, சமநிலையைக் கவனிக்கும் உறுப்பிலும் நரம்பு மையங்களிலும் இருக்கின்றன. நாம் தலையைத் திருப்பும்போது கண்கள் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிக் காட்சியை நிலைநிறுத்துகின்றன. நடந்துகொண்டே கடைப் பலகையைப் படிக்க முடிவது இதனால்தான். ஓபியாய்டு இந்த அனிச்சையை மந்தமாக்குகிறது. 2015இல் வெளியான மியூனிக் ஆய்வு ஒன்றில் ஆரோக்கியமான ஆட்களுக்கு ரெமிஃபென்டனில் என்ற வேகமான ஓபியாய்டை ஏற்றினார்கள். தலையை அசைத்தவர்களுக்குக் குமட்டல் வந்தது. தலை அசையாமல் தாங்கி வைக்கப்பட்டவர்களுக்கு வெகுவாகக் குறைந்தது. படுத்திருக்கும்வரை நன்றாக இருக்கிறது, எழுந்து நாலடி வைத்தால் பிரட்டுகிறது என்று டிரமடால் சாப்பிடுகிறவர்கள் சொல்வது கற்பனையல்ல.

அடுத்தது கண். ஓபியாய்டு கண்மணியைச் சுருக்கும். அளவு மீறி எடுத்து மயங்கிக் கிடப்பவரை அவசரப் பிரிவில் டார்ச் அடித்துப் பார்ப்பது குண்டூசித் தலை அளவுக் கண்மணியைத் தேடித்தான். வைத்திய அளவிலேயே கொஞ்சம் சுருக்கம் இருக்கும். முதியவருக்குக் கண்மணி ஏற்கெனவே சின்னது, இருட்டில் விரிவதும் குறைவு. பகலில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஜீரோ வாட்ஸ் பல்பு எரியும் அறையில், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே சுருண்டு கிடக்கும் மிதியடி கண்ணுக்குப் படாமல் போக அது போதும்.

பிறகு பிரஷர். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். ஓரிரு நொடிகளில் ரத்தக்குழாய்கள் இறுகி, இதயம் வேகம் பிடித்து, அதைச் சரிசெய்ய வேண்டும். ஓபியாய்டு குழாய்களைத் தளர்த்துகிறது, இறுகச் சொல்லும் நரம்புக் கட்டளையையும் தணிக்கிறது. இது தனியாக வந்தால் சமாளிக்கலாம். ஆனால் அதே சீட்டில் பிரஷருக்கு அம்லோடிபின், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் இருக்கும். பாத எரிச்சலுக்குப் பிரிகாபலினும் நார்ட்ரிப்டிலினும் சேர்ந்த மாத்திரை வேறு. இந்தக் கூட்டணி நம் ஊரில் சுகர்காரர்களுக்கு வெகு தாராளமாக எழுதப்படுகிறது. நான்கு பேரும் சேர்ந்து இழுக்கும் கயிற்றில் ஐந்தாவது ஆளாக டிரமடால் கைவைக்கிறது.

டிரமடாலுக்கே உரிய குறும்பு ஒன்று உண்டு. வெறும் ஓபியாய்டாக இல்லாமல், செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் நரம்பு முனைகளில் தேங்கவைக்கும் வேலையையும் அது செய்கிறது. அந்த வழியில் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கும். நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் சுலபமாக இறங்கும். சோடியம் கொஞ்சம் குறைந்தாலே நடை தள்ளாடும், கவனம் சிதறும். ‘வயசாயிடுச்சு, முன்ன மாதிரி இல்ல’ என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் அது.

இவ்வளவுக்கும் பிறகு கால் தடுமாறினாலும், தடுமாறுகிறவர் எல்லோருக்கும் இடுப்பு முறிவதில்லை. 60ஐ ஒட்டிய வயதில் விழுகிறவர் அனிச்சையாகக் கையை ஊன்றுவார், மணிக்கட்டு முறியும். 80ஐ ஒட்டி விழுகிறவரின் கை சரியான நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. பக்கவாட்டில் சரிந்து தொடையெலும்பின் மேல்முனை தரையில் மோதும். இடுப்பெலும்பு முறிவுகளில் பெரும்பகுதி இப்படிப் பக்கவாட்டில் விழுந்து வருவதுதான். விழத் தொடங்கித் தரையைத் தொடும்வரை ஒரு நொடிகூட ஆகாது. தூக்கக் கலக்கம் தரும் மருந்து அந்த நொடிக்குள் வர வேண்டிய கையைத் தாமதப்படுத்துகிறது. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு போயிருக்க வேண்டியது அறுவைச் சிகிச்சை மேஜைவரை போகிறது. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்று பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன.

எலும்பையும் இந்த மருந்துகள் விட்டுவைப்பதில்லை. அது மெதுவாக நடக்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓபியாய்டு எடுப்பவர்களுக்கு மூளையிலிருந்து பாலின ஹார்மோன்களைத் தூண்டும் கட்டளை தணிந்துவிடுகிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பைத் தாங்கிநின்ற ஊன்றுகோல் ஒன்று போய்விடுகிறது. நாள்பட்ட வலிக்காரர்களுக்கு இது நிஜமான கவலை. ஆனால் முதல் இரண்டு வார முறிவை விளக்க இது உதவாது.

தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த 25க்கும் 120க்கும் இப்போது வருவோம். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்ற வித்தியாசம் மாத்திரையால் மட்டும் வந்ததா? டாக்டர் யாருக்கு ஓபியாய்டு எழுதுகிறார்? வலி கூடுதலாக இருப்பவருக்கு, உடல் நலிந்தவருக்கு, சிறுநீரகம் கெட்டவருக்கு. அவர்கள் மாத்திரை இல்லாமலேயே அதிகம் விழக்கூடியவர்கள். வலியே விழவைக்கும் என்பதையும் பாஸ்டன் முதியவர்களிடம் செய்த ஆய்வு 2009இல் காட்டியிருக்கிறது: மூட்டுவலி அதிகமுள்ளவர்கள் அதிகம் விழுந்தார்கள். எனவே இரண்டு கூறுகளையும் ஒப்பிடும்போது ஆட்களின் வித்தியாசமும் மருந்தின் வித்தியாசமும் கலந்துதான் வரும். புள்ளியியல் இதை ஓரளவு பிரிக்கும், முழுதாகப் பிரிக்காது.

ஒப்பீட்டை இறுக்கிய ஆய்வுகளில் எண்கள் சிறுக்கின்றன. ஆனால் மறைவதில்லை. பிரிட்டனில் 50 வயது கடந்தவர்களில் டிரமடால் தொடங்கியவர்களைக் கோடீன் தொடங்கியவர்களோடு பொருத்திப் பார்த்தார்கள். இரண்டுமே ஓபியாய்டு, இரண்டுமே ஏறத்தாழ ஒரே மாதிரி வலிக்கு எழுதப்படுபவை. 2020இல் வந்த முடிவு: ஆண்டுக்கு 1,000 பேரில் இடுப்பு முறிவு கோடீனில் 2.9, டிரமடாலில் 3.7. ‘மென்மையானது’ என்ற நற்பெயருக்கு இது பொருந்தவில்லை. சியாட்டில் பகுதியில் 60 வயது கடந்த நாள்பட்ட வலிக்காரர்கள் 2,341 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2010இல் வந்தது. எல்லா ஓபியாய்டு அளவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஆபத்து தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய எல்லையில்தான் நின்றது. ஆனால் ஒரு நாளைக்கு மார்ஃபின் கணக்கில் 50 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இரண்டு மடங்கானது. அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுவது, மருந்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதற்கு நல்ல அடையாளம்.

என் பார்வையில் இவற்றில் நறுக்கென்றிருப்பது கனடாவின் கியூபெக் மாகாண ஆய்வு. அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 65 வயது கடந்தவர்கள் 67,929 பேர். அவர்களில் யார் விழுந்து அடிபட்டார், யார் வேறு விபத்தில் அடிபட்டார் என்று பிரித்தார்கள். முந்தைய இரண்டு வாரத்துக்குள் ஓபியாய்டு வாங்கியிருந்தவர்கள் விழுந்து அடிபட்டிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.4 மடங்கு. இங்கேயும் அதே இரண்டு வாரம்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது என்ன என்றும் கேட்க வேண்டும். முதுகுவலியும் முழங்கால், இடுப்புத் தேய்மான வலியும் உள்ள 240 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஓபியாய்டும் மறு பாதிக்கு மற்ற மருந்துகளும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தது மினியாபொலிஸில் நடந்த ஒரு சோதனை. 2018இல் முடிவு வந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. வலியின் கடுமையோ, மற்ற மருந்துகள் எடுத்த தரப்புக்குத்தான் சற்றுக் குறைந்திருந்தது. நாள்பட்ட மூட்டுவலிக்கு டிரமடாலை மாதக்கணக்கில் தொடர்வதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. புற்றுநோய் வலி வேறு, முறிந்த எலும்பின் வலி வேறு, அறுவை முடிந்த முதல் சில நாட்கள் வேறு. அங்கெல்லாம் ஓபியாய்டை மறுப்பதுதான் கொடுமை. முதியவர்களுக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று பட்டியலிடும் அமெரிக்காவின் பீர்ஸ் விதிகளும், விழுந்த வரலாறு உள்ளவருக்கு ஓபியாய்டைத் தவிர்க்கச் சொல்லிவிட்டு, கடுமையான திடீர் வலிக்கு விலக்கு அளிக்கின்றன.

நம் ஊர் வழக்கத்தில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. டிரமடால் தொடங்கிய மூன்றாம் நாள் பாட்டிக்குக் கிறுகிறுப்பு. வீட்டில் யாராவது மெடிக்கல் ஷாப்பில் சொல்ல, அல்லது தெருமுனை டாக்டரிடம் காட்ட, தலைசுற்றலுக்குச் சின்னாரிசினோ புரோகுளோர்பெரசினோ வருகிறது. டிரமடால் அப்படியே தொடர்கிறது. ஏனென்றால் அதை எழுதியவர் எலும்பு டாக்டர், இவர் அதில் கைவைக்க மாட்டார். சின்னாரிசினும் புரோகுளோர்பெரசினும் மூளையில் டோபமினைத் தடுப்பவை. வாரக்கணக்கில் எடுக்கும் முதியவருக்குக் கை நடுக்கம், உடல் விறைப்பு, இழுத்து இழுத்து வைக்கும் நடை வரலாம். பார்க்கின்சன் நோயே வந்ததுபோல் இருக்கும். அதற்கும் ஒரு மாத்திரை எழுதப்பட்டுவிட்டால், முதல் மாத்திரையைச் சந்தேகிக்க ஆளே இருக்காது.

சந்தேகிக்க வேண்டிய இடத்தில் சந்தேகித்தால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ‘தலை சுத்துது’ என்பவரிடம் எப்போது, எப்படி என்று கேட்டால் பாதி தெரிந்துவிடும். எழுந்து நிற்கும்போது கண்ணை இருட்டுகிறது என்றால், ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்து, நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. நம் கிளினிக்குகளில் பிரஷர் எப்போதும் உட்கார்ந்த நிலையில், ஒருமுறைதான். படுக்கையில் புரண்டால் அறையே சுழல்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றால், உள்காதுத் துகள்கள் இடம் மாறிக் குழாய்க்குள் விழுந்திருக்கின்றன. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களை வெளியேற்றும் எப்லி முறை பெரும்பாலும் ஓரிரு அமர்வில் குணம் தரும், மாத்திரையே வேண்டாம். எலும்பு மெலிந்தவர்களிடமும் வைட்டமின் டி குறைந்தவர்களிடமும் இந்தக் கோளாறு கூடுதலாகக் காணப்படுகிறது. துகள்களும் கால்சியம்தானே. கொரியாவில் நடந்து 2020இல் வெளியான ஒரு சோதனையில், வைட்டமின் டி குறைந்திருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது சுழற்சி மறுபடி வருவது 24 சதவீதம் குறைந்தது. தலை சுற்றுகிறது என்று வரும் பாட்டிக்கு எலும்பும் பலவீனமாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் துப்பு வேண்டியதில்லை.

டிரமடால் வேண்டியே இருந்தால், குறைந்த அளவில், எத்தனை நாள் என்று முன்பே சொல்லித் தொடங்கலாம். முதல் இரண்டு வாரம் ராத்திரியில் எழுந்தால் ஒரு துணை, வழியெல்லாம் வெளிச்சம், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது. அளவைக் கூட்டினால் அந்த இரண்டு வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. பல வாரமாக எடுப்பவர் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடக் கூடாது. நடுக்கம், வியர்வை, வயிற்றோட்டம், தூக்கமின்மை என்று உடம்பு எதிர்க்கும்; எழுதிய டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முறிவு வந்தபிறகாவது மருந்துச் சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்று அமெரிக்காவில் தேடினார்கள். எலும்பு பலவீனத்தால் முறிவு ஏற்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் பதிவுகள். முடிவு வெளியானது 2016இல். முறிவுக்குப்பின் வலி மருந்து தவிர்க்க முடியாது என்பதால் ஓபியாய்டை ஒதுக்கிவிட்டு, தூக்க மாத்திரை, மனச்சோர்வு மருந்து என முறிவை வரவழைக்கும் மற்ற மருந்துகளை மட்டும் எண்ணினார்கள். முறிவுக்கு முந்தைய நான்கு மாதங்களில் நான்கில் மூன்று பேர் அவற்றில் ஒன்றாவது எடுத்துக்கொண்டிருந்தார்கள். முறிவுக்குப் பிறகு அவற்றை நிறுத்தியவர்கள் நூற்றுக்குச் சுமார் 7 பேர். புதிதாகத் தொடங்கியவர்களும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை.